கண் பைக்கு ஊசியா? கண் பத்திரம்!

கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறதா? "ஒரே ஊசி... பை மாயம்!" என்று விளம்பரம் கூப்பிடுகிறது. அழகாக இருக்க ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால், பை ஏன் வந்தது என்று முதலில் பார்க்க வேண்டாமா?

வயது ஏற ஏற, கண்ணுக்கடியில் உள்ள கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் சவ்வு தளர்கிறது. கொழுப்பு முன்னால் பிதுங்குகிறது. அதுதான் பை. தூக்கம் கெட்டாலும், உப்பு கூடினாலும் நீர் கோத்து வீங்கும். தினமும் காலையில் வீக்கம் என்றால் சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம். அதற்கு அழகு ஊசி போட்டு என்ன பயன்?

இந்த ஊசி பையை எடுப்பதில்லை. 'ஹயலுரானிக் அமிலம்' என்ற பசையைப் பக்கத்துப் பள்ளத்தில் நிரப்பி, மேட்டை மறைக்கிறது. அவ்வளவுதான்! நாளடைவில் அது கரைந்துவிடும். மறுபடி ஊசி, மறுபடி பணம். கண் பை போகிறதோ இல்லையோ, பணப்பை காலி!

பசை தவறி ரத்தக் குழாயில் புகுந்தால் பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

பெரிய பைக்கு ஆபரேஷன் உண்டு. கீழ் இமையின் உட்புறம் கீறிக் கொழுப்பைச் சரி செய்கிறார்கள். வெளியே தழும்பு தெரியாது. எது தேவை என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். புருவம் திருத்தும் கடைக்காரர் அல்ல.

ஊசி போடுகிறவர் டாக்டர்தானா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். டாக்டர் இல்லாமல் ஊசி போடும் இடங்களைப் பார்த்து அதிகாரிகளும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?