காபி இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு வகுப்பு

மைசூரில் கிரகப்பிரவேசம், நிச்சயதார்த்தம், தசரா கொலு என்று எங்கே போனாலும் நாலு புரோகிராமர்கள் ஒரு மூலையில் நிற்பார்கள். பேச்சு மனை விலையில் ஆரம்பித்து, பெங்களூர் நெடுஞ்சாலை வழியாக அமெரிக்க விசாவில் போய் முடியும். தொழிலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டு சமையல்காரர்கள் சந்தித்தால் பாகு பதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். மிருதங்கக்காரர்கள் தொடையிலேயே தாளம் போட்டுக் காட்டுகிறார்கள். இவர்களுக்கு மட்டும் என்ன கூச்சம்?

இத்தனைக்கும் இது பயிற்சியின் ஊர். ஹெப்பால் தொழிற்பேட்டையில் இருக்கும் இன்ஃபோசிஸ் வளாகத்தில் ஒரே சமயத்தில் 10,000 பேருக்கு மேல் தங்கிப் படிக்கலாம். கல்லூரி முடித்த பையன்களும் பெண்களும் சில மாதங்கள் இங்கே வகுப்பு, தேர்வு, மறுபடி வகுப்பு என்று கழிக்கிறார்கள். 2025 பிப்ரவரியில், மூன்று வாய்ப்புகளிலும் உள்தேர்வில் தேறவில்லை என்று 300க்கும் அதிகமானவர்கள் இங்கிருந்து அனுப்பப்பட்டார்கள். சரியா தப்பா என்ற சண்டை தொழிலாளர் துறைவரை போயிற்று. அதில் நான் இறங்கவில்லை. தேர்வில் ஒவ்வொருவரும் தனியாக உட்கார வேண்டும். தொழிலைத் தனியாகக் கற்றவர் யாராவது உண்டா என்பதுதான் என் கேள்வி.

ஜெரால்ட் வைன்பர்க் என்ற அமெரிக்கர், புரோகிராமர்களின் மனோதத்துவம் பற்றி 1971இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஒரு பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் மையம். பொது அறையின் ஒரு கோடியில் காசு போட்டால் தின்பண்டமும் பானமும் தரும் இயந்திரங்கள். அவற்றைச் சுற்றி எப்போதும் மாணவர் கும்பல், அரட்டை, சிரிப்பு. வேலை செய்ய முடியவில்லை என்று சிலர் புகார் செய்ய, நிர்வாகி எட்டிப் பார்த்தார். கூத்துதான் என்று முடிவுகட்டி இயந்திரங்களை எங்கோ தள்ளி வைத்துவிட்டார். அறை அமைதியானது. சில நாளில் அடுத்த புகார்: சந்தேகம் தீர்த்துவைக்கும் ஆலோசகர்கள் போதவில்லை, வரிசை நீண்டுகொண்டே போகிறது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஆலோசகரிடம் போகாமலே பெரும்பாலான சந்தேகங்கள் அந்த அரட்டையில் தீர்ந்துகொண்டிருந்தன.

நான் சொல்வது அந்த அரட்டையை. பெரிய விஷயம் எதுவும் வேண்டாம். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய புரோகிராம் இன்று ஓடவில்லை. நடுவே 1,000 மாற்றங்கள் செய்திருக்கிறார்கள். எது வினை செய்தது? புதிதாகச் சேர்ந்த பையன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருப்பான். அனுபவசாலி 500ஆவது மாற்றத்தில் நிறுத்தி ஓட்டிப் பார்ப்பார். அங்கே சரியாக ஓடினால் கோளாறு பின்பாதியில். அதையும் பாதியாக்கு. பத்தே சோதனையில் குற்றவாளி சிக்கிவிடும். இதைத் தானே செய்யும் ஒரு கட்டளை 'கிட்' மென்பொருளில் இருக்கிறது. ஒரு மசால் தோசை ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். சொல்ல ஆளில்லாததால் எத்தனை ராத்திரிகள் வீண்!

'எதற்கு ஆள்? சாட்ஜிபிடி இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது. கேட்ட கேள்விக்கு அழகாகவே பதில் சொல்கிறது. ஆனால் பாதியாக்கும் வழி ஒன்று உண்டென்றே தெரியாதவனுக்கு அதைக் கேட்கத் தோன்றாது. பக்கத்தில் நிற்பவர்தான், 'ஏம்பா, இதை ஏன் இப்படிச் சுற்றிவளைத்துச் செய்கிறாய்?' என்று கேட்காமலே மூக்கை நுழைப்பார்.

கம்பெனி ரகசியம் என்று இன்னொரு பயம். வாடிக்கையாளரின் கோப்புகளை யாரும் கேட்கவில்லை. பாகு பதம் சொன்னால் கல்யாண வீட்டுக் கணக்கு வெளியே போய்விடாது.

நம் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் லினக்ஸ் பயன்படுத்துவோர் பல வருடங்கள் மாதாமாதம் சனிக்கிழமை கூடினார்கள். சாஃப்ட்வேருக்குப் பெயர்போன ஊரே அல்லாத விழுப்புரத்தில் 2013 முதல் ஒரு குழு இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறார்கள். இவை ஏற்பாடு செய்த கூட்டங்கள். நான் கேட்பது அதைவிடச் சின்னது.

இரவு பத்து மணிக்கு பாரில் கூடிப் பேசினால் பெண்கள் பாதிப் பேர் வரமாட்டார்கள், பஸ் பிடிக்க வேண்டியவர்களும் வரமாட்டார்கள். சாயங்கால டிபன் நேரம் உத்தமம். அந்த வகையில் கொலு தேவலை. அழைக்க ஒரு சாக்கு, உட்கார ஒரு பாய், சுண்டல் இருக்கிறது. பெரியவர்தான் முதலில் பேச வேண்டும், அதுவும் உபதேசமாக அல்ல: 'இந்த வாரம் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு முழித்தேன்' என்று. அப்புறம் சின்னவர்களுக்கு வாய் வரும். லேப்டாப் மூடியே இருக்கட்டும். புரொஜெக்டர் கொண்டுவரட்டுமா என்று கேட்பவருக்கு மட்டும் சுண்டலைக் கடைசியில் கொடுங்கள்.