அம்மா சும்மா இருக்கல, அவங்களுக்கும் பி.எஃப் இருக்கு

புது வேலையில சேரும்போது ஹெச்.ஆர் ஒரு இன்ஷூரன்ஸ் படிவம் அனுப்புவாங்க. அதுல அம்மாவோட தொழில்னு ஒரு கட்டம் இருக்கும். மூணு கம்பெனி மாறிட்டேன், மூணுலயும் யோசிக்காம 'ஹவுஸ்வைஃப்'னுதான் நிரப்பினேன். எங்க ஊர் தென்காசி மாவட்டத்துல ஆலங்குளம் பக்கம். மத்தியானம் எந்தத் தெருவுல நடந்தாலும் திண்ணையில மடியில சொளவோட பொம்பளைங்க பீடி சுத்திக்கிட்டு இருப்பாங்க. என் அம்மாவும் அப்படித்தான். இலையை நனைச்சு, வெட்டி, தூள் வச்சு சுருட்டி, நூல் கட்டி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. நடுவுல சோறு பொங்கணும், தண்ணி பிடிக்கணும். சாயங்காலம் கடைக்குக் கொண்டு போனா, சரியில்லைன்னு கொஞ்சத்தைக் கழிச்சுப் போட்டுருவாங்க. என் காலேஜ் ஃபீஸ் அந்தச் சொளவுலேர்ந்து வந்தது.

வீட்டுல உக்காந்து சுத்துறவங்களும் தொழிலாளிதான், பி.எஃப் சட்டம் அவங்களுக்கும் பொருந்தும்னு உச்ச நீதிமன்றம் 1985-லயே தீர்ப்பு சொல்லிருச்சு. நம்ம சம்பளத்துல பொதுவா 12 சதவீதம் பிடிக்கிறாங்கல்ல, பீடித் தொழிலுக்கு அது 10 சதவீதம். கம்பெனியும் 10 போடணும். அந்த 10-ல 8.33 பென்ஷன் கணக்குக்குப் போயிடும். போன வீடியோவுல நம்ம பி.எஃப் பாஸ்புக்கை எப்படிப் படிக்கிறதுன்னு பேசினேன். அதுக்கப்புறம்தான் அம்மாவோடதைப் பாக்கணும்னே எனக்குத் தோணுச்சு. கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு.

பாத்தா, 7 வருஷ சர்வீஸ்தான் இருக்கு. அம்மா எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து சுத்துறாங்க. மீதி எங்க?

2001-ல கம்பெனி பாஸ்புக் அவங்க பேருக்கு வந்துச்சு. 2009-ல எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைச்சப்போ அந்தக் கணக்கை முடிச்சாங்க. கடையில கணக்கு எழுதுறவர் நீட்டின படிவங்கள்ல எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டாங்க. பி.எஃப் பணத்தோட பென்ஷன் பங்கும், 12,000 சொச்சம், கைக்கு வந்துருச்சு. அதுக்கப்புறம் சொந்தமா புக் கிடைக்கல. பக்கத்து வீட்டு அத்தை பேர்ல இருந்த புக்குல சேர்ந்து சுத்தினாங்க. கூலி கைக்கு வந்துச்சு, சர்வீஸ் அத்தை பேர்ல ஏறுச்சு. 2018-லதான் மறுபடியும் சொந்த புக்.

இங்கதான் எனக்கு வயிறெரியுது. பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும். அதுக்குள்ள வெளிய வந்தா 10சி படிவத்துல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பணத்தை எடுத்துக்கலாம். இல்ல, 'ஸ்கீம் சர்டிபிகேட்' வாங்கிக்கலாம். சர்டிபிகேட் இருந்தா பழைய வருஷங்கள் சாகாது, பின்னாடி சேர்ற சர்வீஸோட கூடிரும். அந்த ஒரு கட்டத்துல 'ஆம்'னு போட்டிருந்தா அம்மாவுக்கு இன்னைக்கு 8-ம் 7-ம் 15 வருஷம். 54 வயசுல தைரியமா சொளவைக் கீழ வச்சிருக்கலாம், 58-ல பென்ஷன் வந்திருக்கும். பி.எஃப் பணத்தை எடுத்ததைத் தப்புன்னே சொல்ல மாட்டேன். அது என் படிப்பு. பென்ஷன் பங்கைத் தொடாமலே ஃபீஸ் கட்டியிருக்க முடியும், அதைத்தான் யாரும் சொல்லல.

இப்போ அவங்களுக்குக் கண்ணு மங்குது, 400 பீடிக்கு மேல முடியல. ராத்திரி இருமல் வேற. நான் நிறுத்தச் சொன்னேன். "இன்னும் மூணு வருசந்தானல, சுத்திருதேன்"ங்கிறாங்க. கணக்குப்படி மூணு கூட வேணாம். ஆறு மாசமும் அதுக்கு மேலயும் ஒரு வருஷமா எடுத்துப்பாங்க, அதனால ஒன்பதரை வருஷம் போதும்.

ஆபீஸ்ல ஒரு நண்பன் கேட்டான்: "குறைஞ்சபட்ச பென்ஷன் 1,000 ரூபாய்தானே, நீயே அனுப்பிடலாமே?" கணக்குல அவன் சொல்றது சரி. 2014-லேர்ந்து அந்த 1,000 ஏறவே இல்லங்கிறதும் உண்மை. ஃபார்முலா (சராசரி சம்பளம் × வருஷம் ÷ 70) போட்டாலும் 5,000 ரூபாய் கூலிக்கு 10 வருஷத்துல 714-தான் வரும், அதான் 1,000-க்குத் தூக்கி விடுறாங்க. ஆனா நான் அனுப்புற பணத்துல அம்மா தனக்குன்னு ஒரு சேலை எடுத்து நான் பாத்ததில்ல. எடுத்தாலும் போன் பண்ணிக் கணக்கு சொல்லுவாங்க. பீடிக் காசுக்கு யார்கிட்டயும் கணக்கு சொன்னதே கிடையாது. 1,000 ரூபாயை ஃபண்டுல போட்டா எவ்வளவு ஆகும்னு எக்ஸெல் போடுற நம்ம ஆளுங்களுக்கு (நானும்தான்) இந்த வித்தியாசம் கட்டத்துக்குள்ள வராது.

அந்த இருமலுக்கு என்கிட்ட பதில் இல்ல. ரெண்டரை வருஷம் தூளோட உக்காருங்கன்னு நான் எப்படிச் சொல்றது? டாக்டர்கிட்ட காட்டிட்டு அவங்களே முடிவு எடுக்கட்டும்னு விட்டுட்டேன்.

உங்க அம்மா பீடியோ, தீப்பெட்டியோ, பனியன் கம்பெனியோ, மில்லோ, எங்க வேலை பாத்தாலும் அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ அவங்க யு.ஏ.என் நம்பரைக் கேளுங்க. ஆதார்ல இருக்கிற பேரும் அதுல இருக்கிற பேரும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. எங்க வீட்டுல ஒரு எழுத்து மாறியிருந்துச்சு, அதுக்கே தனியா அலையுறோம். உமங் ஆப்ல பாஸ்புக்கைத் திறந்து, பென்ஷன் பங்கு மாசா மாசம் விழுந்திருக்கான்னு பாருங்க. கம்பெனி இலை கொடுக்காத மாசங்கள்ல எங்க அம்மாவோடதுல ஒண்ணும் விழல. எல்லாத்துக்கும் முன்னாடி, அவங்க சுத்துறது யார் பேர்ல இருக்கிற புக்குலன்னு கேளுங்க.

ஹெச்.ஆருக்கு நேத்து மெயில் போட்டேன், அந்தக் கட்டத்தை மாத்தச் சொல்லி. அவங்க லிஸ்ட்ல 'பீடித் தொழிலாளி'ன்னு ஒரு ஆப்ஷனே இல்லையாம். 'மற்றவை'னு போட்டுக்கவான்னு கேட்டிருக்காங்க.