காத்தை எடுக்காம சாவியை வாங்காதீங்க

ரேடியேட்டர் வேலை பார்த்துட்டு வந்த கார் மறுநாளே சூடாகுதுன்னா, எங்க பக்கம் ஒரே வைத்தியம்தான்: "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடு." எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அது கெட்டிருந்தா புதுசு மாட்டணும். கழட்டிட்டா இன்ஜின் பதமான சூட்டுக்கு வரவே நேரமாகும், டீசலும் கூடப் பிடிக்கும்.

முதல்ல பார்க்க வேண்டியது காத்தடைப்பு. கிணத்து மோட்டார் பைப்புல காத்து நின்னா மோட்டார் ஓடும், தண்ணி ஏறாது. காரும் அப்படித்தான். கூலன்ட்டை இறக்கி வேலை பார்த்தா உள்ளே காத்து புகுந்துடும். முள் மேலே ஏறியும் ஹீட்டர்ல குளிர்ந்த காத்து வந்தா, ஒண்ணு காத்தடைப்பு, இல்லைன்னா கூலன்ட் குறைவு.

இன்ஜின் முழுசா ஆறின பிறகு, காரோட முன்பக்கம் மேட்டுல இருக்கிற மாதிரி நிறுத்தணும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச்சூட்டுல வச்சு, இன்ஜினை மெதுவா ஓடவிடணும். குமிழி வந்து மட்டம் இறங்க இறங்க கூலன்ட் ஊத்தணும். குமிழி நிக்கவே இல்லைன்னா ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கணும். சூடான இன்ஜின்ல மட்டும் மூடியைத் திறந்துடாதீங்க, முகம் வெந்துடும்.

இதுக்குப் பொறுமைதான் வேணும். நாமளோ "சீக்கிரம் முடிங்கண்ணே"ன்னு தலைமேல நிக்கிறோம். அவரும் தண்ணியை ஊத்தி சாவியைக் கொடுத்துடுறார். அப்புறம் ஹெட் வளைஞ்சா, ரேடியேட்டர் வேலையை விடப் பல மடங்கு செலவு. காத்தெடுக்கிற நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்க. அதுவும் வேலைதான்.