அடங்கலில் இல்லாதவள்

எங்கள் வயலுக்கு அதிகாரி என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "வீட்டுல ஆம்பளை யாரும் இல்லையாம்மா?" சேற்றில் நிற்பது நான். மண்வெட்டி என் கையில் இருக்கிறது. எந்த மடையில் தண்ணீர் ஏறும், எந்த மூலையில் உப்பு பூக்கும், எந்த வரப்பில் நண்டு வளை போட்டிருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். அவர்களுக்கோ கையெழுத்துப் போட ஓர் ஆண் வேண்டும். என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், பொங்கலுக்குத்தான் வருவார் என்றால் நோட்டை மூடிக்கொண்டு அடுத்த வரப்புக்குப் போய்விடுகிறார்கள்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடை ஊர். பதினோரு மா சாகுபடி செய்கிறேன். ஏக்கருக்கு மூன்று மா என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து மா மாமனாருடையது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் பட்டா அவர் பேரிலேயே கிடக்கிறது. மூத்தாரும் கொழுந்தனும் நாத்தனாரும் ஓரிடத்தில் உட்கார்ந்து பாகம் பிரித்தபாடில்லை. மீதி ஆறு மா குத்தகை. நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். ஆக, நான் உழைக்கிற மண்ணில் ஒரு குழி கூட என் பேரில் கிடையாது. இந்த வீட்டில் என் பேர் போட்ட ஒரே காகிதம் பால் சொசைட்டி அட்டைதான்.

இந்த மண்ணில் ஒரு வருஷத்தை ஓட்டுவது என்னவென்று அந்த நோட்டுக்காரர்களில் யாருக்காவது தெரியுமா? ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதற்குள் வரப்பு அண்டை வெட்டி, வயல் வாய்க்காலைத் தூர் எடுத்து, நாற்றங்கால் விட்டாக வேண்டும். வரும் என்று நம்பி விதை ஊற வைத்துவிட்டு, தண்ணீர் வராமல் முளை கட்டிய நெல்லைக் கோழிக்குப் போட்ட வருஷமும் உண்டு. 2024-இல் அணை திறந்ததே ஜூலை 28-ல்தான். அந்த வருஷம் குறுவை எங்களுக்குப் பேச்சோடு போயிற்று. சம்பா போட்டால் ஐப்பசி கார்த்திகையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகக் கிடக்கும். நடுராத்திரியில் டார்ச் லைட்டோடு போய் வடிகாலை வெட்டிவிட்டு வர வேண்டும், பாம்பு இருக்கிற வரப்பில். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற கதிருக்குள்ளேயே உளுந்து தெளிப்போம். முந்தித் தெளித்தால் அறுப்பு வண்டியின் பெல்ட் முளையை நசுக்கும். பிந்தினால் மண்ணில் ஈரம் இருக்காது. அந்த நாளைப் பார்த்துச் சொல்ல எந்தப் பட்டாதாரரும் சென்னையிலிருந்து வந்ததில்லை. மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்து நான்தான் சொல்கிறேன்.

இதற்கு நடுவில் கோழி கூப்பிடும்போது எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து ஊற்றி, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி, நடவுக்கு ஆள் சொல்லி, வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் கூலியை எண்ணிக் கொடுக்க வேண்டும். அந்தக் கூலிக்கான பணம் எங்கிருந்து வருகிறது? கூட்டுறவுக் கடன் சங்கத்தில் சிட்டா அடங்கல் கேட்கிறார்கள். என்னிடம் இல்லை. அதனால் கழுத்தில் கிடந்தது அடகுக் கடைக்குப் போகிறது. நாற்று பறிக்கும் மாதத்தில் போனது உளுந்து விற்றால் திரும்பும், விற்காவிட்டால் வட்டியோடு மூழ்கும்.

2023 குறுவையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஜூன் 12-ல் சொன்னபடி திறந்தார்கள். நம்பி இறங்கினோம். காவிரியில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தமிழ்நாட்டுக்குச் சொன்னது 177.25 டி.எம்.சி. அந்த வருஷம் வர வேண்டிய தண்ணீர் வரவில்லை, அக்டோபர் 10-ல் அணையையே மூடிவிட்டார்கள். அதற்கு வெகு முன்பே எங்கள் வயல் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. பூட்டை வெளியே வர வேண்டிய பயிர் அப்படியே நின்று காய்ந்தது. கருகிய குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. பெரிய தொகை இல்லை, ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் 5,400-ஐ ஒட்டித்தான் வரும். உழவுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கடனையாவது அடைக்கலாம் என்று காத்திருந்தேன். குத்தகை நிலத்துக்கான பணம் நிலத்துக்காரர் கணக்கில் விழுந்தது. போன் செய்து கேட்டேன். "என் நிலத்துக்குத்தானேம்மா குடுத்துருக்காங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பேத்தி காதுகுத்துக்கு எங்களை அழைத்துச் சோறு போட்டவர்தான். ஆனால் அவருடைய எந்தப் பயிர் கருகிற்று? விதை நான் வாங்கியது. உரம் நான் வாங்கியது. அந்த வெயிலில் வாய்க்கால் கரையில் நின்று கத்தியது என் தொண்டை.

மாமனார் நிலத்துக்கு அதுவும் இல்லை. செத்தவர் கணக்கில் எப்படிப் பணம் போடுவது என்று கேட்டார்கள். வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக மத்திய அரசு கொடுக்கிற பணமும் நிலம் பேரில் உள்ளவருக்குத்தான், குத்தகைக்காரருக்குக் கிடையாது. இப்போது விவசாயிக்குத் தனித்துவ அடையாள எண் என்று வந்திருக்கிறது. முகாமில் வரிசையில் நின்றேன். "பட்டா இருக்கா?" என்றார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன். இல்லை என்றேன். "அப்ப அக்கா, நீங்க தள்ளிக்குங்க" என்று பின்னால் இருந்தவரைக் கூப்பிட்டார். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நெல் விற்கும்போதுதான் இந்தக் கொடுமை முழுதாகத் தெரியும். கொள்முதல் நிலையத்துக்கும் சிட்டா அடங்கல் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். அதனால் என் நெல் வேறொருவர் பேரில் ஏறுகிறது. குறுவை அறுப்பு வருவது மழைக்காலத்தின் வாசலில். ஈரப்பதம் நூற்றுக்கு 17-க்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். குவியலைக் கிளறி உலர்த்துகிறேன். மேகம் கறுத்தால் தார்ப்பாயை இழுத்துப் போட்டு நான்கு மூலையிலும் கல் வைக்கிறேன். ராத்திரி குவியல் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறேன். ஒரு பெண் அங்கே ஒதுங்கப் போக ஒரு மறைப்பு உண்டா என்று யாராவது யோசித்ததுண்டா? முறை வந்தால் தூற்றுகிற கூலி, எடை போடுகிற கூலி என்று 40 கிலோ மூட்டை ஒவ்வொன்றுக்கும் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு ரசீது கிடையாது. அந்தக் காசுக்கு மட்டும் யாரும் என்னிடம் பட்டா கேட்டதில்லை. நெல்லுக்கான பணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போகும். அவர் குத்தகையைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார். என் பணத்துக்காக நான் போன் போட்டுப் பணிவாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஏன் எழுத்தில் போட்டுக் கொடுக்கவில்லை என்கிறீர்களா? கேட்காமலா இருந்தேன்! குத்தகைக்காரரைக் காப்பாற்ற 1955-இல் ஒரு சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இல் இன்னொன்று வந்தது. அந்தச் சட்டங்களுக்குப் பயந்தே நிலத்துக்காரர்கள் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பேர் ஏறினால் நிலம் போய்விடும் என்ற பயம். கட்டாயப்படுத்தினால் அடுத்த சித்திரையில் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்கள். என்னைக் காக்க வந்த சட்டத்தைச் சொல்லியே என் பேரை எழுத மறுக்கிறார்கள்.

இது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் நாடாளுமன்றத்திலேயே பெண் விவசாயிகள் உரிமை மசோதா என்று கொண்டுவந்தார். நிலம் பேரில் இல்லாவிட்டாலும் சாகுபடி செய்கிற பெண்ணுக்கு விவசாயி என்று சான்று கொடு என்றது அது. விவாதிக்காமலே காலாவதியாக விட்டார்கள். அவர் இறந்தது 2023 செப்டம்பர் 28. எங்கள் குறுவை கருகிக்கொண்டிருந்த அதே நாட்கள். அரசு மரியாதையோடு தகனம் செய்தார்கள், தலைவர்கள் எல்லாரும் கண் கலங்கினார்கள். அவர் எழுதி வைத்ததை மட்டும் ஏன் ஒருவரும் கையில் எடுக்கவில்லை? மாலை போடக் கை நீண்டதே, அந்தத் தாளை எடுக்க நீளவில்லையா?

எந்தப் புலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று பசலிதோறும் எழுதத்தான் அடங்கல் இருக்கிறது. எழுதுகிறவர் ஆபீஸில் உட்கார்ந்து போன வருஷத்தைப் பார்த்து இந்த வருஷத்தை எழுதக் கூடாது. வாருங்கள், வரப்பில் இறங்குங்கள். பயிரைப் பாருங்கள், பயிருக்குள் நிற்கிறவளையும் பாருங்கள். பக்கத்து வயல்காரரைக் கேளுங்கள், உரக் கடையில் கேளுங்கள், என்னோடு நடவு நட்ட பெண்களைக் கேளுங்கள், இங்கே யார் சாகுபடி என்று. சொல்வார்கள். என் பேரை எழுதுங்கள். நிலத்துக்காரர் பேரையும், அவருக்கு நான் அளக்கிற குத்தகை மூட்டையையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், அவர் நிலத்தில் ஒரு பிடி மண்கூட எனக்கு வேண்டாம். கருகினால் நிவாரணமும், விளைந்தால் நெல் காசும் என் கணக்குக்கு வர வேண்டும். அடுத்த ஜூனுக்குள் வர வேண்டும். விதை வாங்க அதற்குமேல் அடகு வைக்க என் கழுத்தில் எதுவும் இல்லை.