கைத்தொழிற் பகுதி: எஞ்சினின் வேகத்தை நிறுத்துதல்

சொந்த ஊரில் மாட்டுக் கொட்டிலின் மூலையிற் கிடந்த பாட்டனார் காலத்துச் சிறு பெட்ரோல் எஞ்சினைத் தாராவிக்குக் கொணர்ந்து, பழுது தீர்த்து, ஜெனரேட்டருடன் இணைத்திருப்பதாக நேயர் ஒருவர் எழுதியுள்ளார். ஆனால் வேகம் ஒரு நிலையில் நில்லாமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கின்றதாம். பலர்க்கும் பயன்படும் வினாவாதலின், இத்திங்கள் அதனையே எடுத்துக்கொள்வோம்.

நீராவி இரயில் எஞ்சினில் ரெகுலேட்டர் என்னும் கைப்பிடியை ஓட்டுநர் பற்றியிருப்பார். ஏற்றத்தில் திறப்பார், இறக்கத்தில் மூடுவார். ஓரிடத்தில் நின்று ஓடும் எஞ்சினுக்கு அத்தகைய ஆள் இல்லை. அவர் வேலையைச் செய்வதே கவர்னர். 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினில் இரண்டு உலோகக் குண்டுகளைச் சுழலவிட்டார். வேகம் மிகுந்தால் குண்டுகள் விலகும். நீராவியின் வழி குறுகும். நம் சிறு எஞ்சினிலும் தத்துவம் அதுவே. ஸ்பிரிங் த்ராட்டிலைத் திறக்க இழுக்கின்றது. சுழலும் எடைகள் அதனை மூடத் தள்ளுகின்றன. இரண்டும் சமமாகும் இடமே எஞ்சினின் வேகம்.

ஆகவே, ஸ்பிரிங்கை முறுக்கினால் எஞ்சினுக்கு வலு பிறக்கும் என்பது தவறான எண்ணம். வேகத்தின் வரம்புதான் உயரும். வேகம் இருமடங்கானால் கனெக்டிங் ராடு தாங்கவேண்டிய இழுவிசை நான்கு மடங்காகும். பழைய ராடு முறிந்து உறையைப் பிளந்துகொண்டு வெளிவரலாம், பிளைவீலும் சிதறலாம். கவர்னரைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டுதல் ஒருபோதும் கூடாது.

கோவை ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டியே இயந்திர நுட்பம் கற்றார். பிரிப்பவர் கண் கூர்மையாக இருத்தல் வேண்டும். கவர்னர் நெம்புகோலில் துளைகள் பல உண்டு. ஸ்பிரிங் எத்துளையில் மாட்டியிருந்தது என்பதைக் கழற்றுமுன் குறித்துக்கொள்க. நெம்புகோலின் அச்சுக்கு அருகே மாட்டினால் கவர்னர் மிகக் கூருணர்வு பெற்று வேகம் ஊசலாடும். தள்ளி மாட்டினால் ஊசல் அடங்கும். இவ்வூசலுக்குக் கணித விளக்கம் தந்தவர் மாக்ஸ்வெல், ஆண்டு 1868.

எனினும், துளையை மாற்றுமுன் கார்புரேட்டரின் ஜெட்டைச் சுத்தம் செய்க. கேஸ்கெட் வழியே காற்றுக் கசிகின்றதா, இணைப்புக் கம்பிகள் தடையின்றி அசைகின்றனவா என்றும் நோக்குக. பெரும்பாலும் குற்றம் இங்கேயே இருக்கும்.

அடுத்து, எஞ்சின் நின்றிருக்கும்போதே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. நெம்புகோலைப் பற்றும் போல்ட்டைத் தளர்த்தி, த்ராட்டில் முழுதும் திறக்கும்படி நெம்புகோலைத் தள்ளுக. அது நகர்ந்த திசையிலேயே கவர்னர் தண்டையும் இறுதிவரை திருப்பி, போல்ட்டை முடுக்குக. நான்கு வீச்சுச் சிறு எஞ்சின்கள் பலவற்றிற்கு இதுவே முறை.

இனி வேகத்தை அளப்போம். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழல். இருதுருவ ஜெனரேட்டர் நிமிடத்திற்கு 3000 சுற்றும், நான்கு துருவமாயின் 1500 சுற்றும் ஓடவேண்டும். வேகமானி இல்லாதார் சோக்கு வைத்த பழைய டியூப் லைட்டைக் கொள்ளலாம். அது வினாடிக்கு 100 முறை மின்னுவது. பிளைவீலில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இடுக. 3000 சுற்றில் அக்கோடு எதிரெதிரே இரண்டாக நிற்கும். 1500-இல் நான்காக நிற்கும். சுழலும் திசையில் நகர்ந்தால் வேகம் அதிகம்; எதிர்த்திசையில் நகர்ந்தால் குறைவு. விளக்கிற்கு மின்சாரம் வீட்டு இணைப்பிலிருந்தே வரவேண்டும். சோதிக்கும் ஜெனரேட்டரிலிருந்து எடுத்தால் அளவு பொய்யாகும். சுமை ஏற்றியபின் கோடுகள் நிற்குமாறு ஸ்பிரிங்கைச் சரிசெய்க. சுமையை நீக்கியதும் வேகம் சற்றே மிகுதல் இயல்பு.

நிற்பதாகத் தோன்றும் அந்தச் சக்கரம் நிற்கவில்லை என்பதை மறவாதீர்கள். பார்த்து ஏமாந்து கைநீட்டினால் விரல் போகும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். எஞ்சினை அறைக்குள்ளோ அடைத்த சந்திலோ ஓட்டாதீர்கள், அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, உறங்குவோரை எழவிடாது. திறந்த வெளியில், அளந்த வேகத்தில் ஓடினால், பாட்டனாரின் எஞ்சின் பேரனுக்கும் உழைக்கும்.