‘ஒழிப்பு’ என்னும் சொல்

2014இல் போலியோ அற்ற நாடாகவும், 2015இல் தாய்சேய் ரணஜன்னியை ஒழித்த நாடாகவும் இந்தியா அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் ‘ஒழிப்பு’ என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது, பொருளோ வேறு. போலியோ வைரஸுக்கு மனிதரன்றிப் புகலிடமில்லை. அதை முற்றாக அகற்ற இயலும். ரணஜன்னிக் கிருமியின் வித்துகளோ மண்ணில் பல்லாண்டு உயிரோடிருப்பவை. அங்கு ‘ஒழிப்பு’ என்பது, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புகளுக்கு ஒரு சிசுவுக்கும் குறைவாகவே நோய் காண்பது மட்டுமே.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே ஊரார் போட்டுக்கொண்ட ஊசி மற்றவரைக் காக்காது. தூய்மையான பிரசவமும், தடுப்பூசியால் தாய் பெற்ற எதிர்ப்பாற்றலுமே சிசுவுக்குக் காப்பு. ஒழிந்த நோய்க்கு ஊசி எதற்கென்று ஒரு கர்ப்பிணி கேட்டால், பிழை அவருடையதன்று, சொல்லினுடையது. ‘கட்டுக்குள் உள்ளது’ என்று எழுதுவதே நேர்மை.