கருவி உடைந்தால் எது விழும்?

கிளட்ச் பிளேட் மாற்றும் வேலையில், பழக்கமில்லாதவர் கட்டாயம் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. புதிய பிளேட்டை வைத்து, பிரஷர் பிளேட்டின் போல்ட்களை எல்லாம் முறுக்கியாயிற்று. கியர் பாக்ஸைத் தூக்கிப் பொருத்தப் போனால் கடைசி ஓர் அங்குலம் உள்ளே போக மறுக்கும். ஆட்டிப் பார்ப்பார், தள்ளிப் பார்ப்பார். நான்கு போல்ட்டை மாட்டி இழுத்துவிட்டால் போய்விடும் என்று தோன்றும். அப்படி இழுத்துத்தான் பலர் புது பிளேட்டையே நாசமாக்குகிறார்கள்.

காரணம் சின்னது. பிரஷர் பிளேட் இறுகும்வரை கிளட்ச் பிளேட்டை நடுவில் பிடித்து வைக்க எதுவுமே கிடையாது. தன் எடையிலேயே ஓரிரு மில்லிமீட்டர் சரிந்து நிற்கும். அந்த நிலையில் இறுக்கிவிட்டால், கியர் பாக்ஸின் ஷாஃப்ட் வரும் பாதையில் பிளேட்டின் துளை இருக்காது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. ஊர்ப் பட்டறையில் அந்த இடத்தில் பழைய கியர் பாக்ஸிலிருந்து கழற்றிய இன்புட் ஷாஃப்ட் ஒன்று ஆணியில் தொங்கும். என் வீட்டு போர்டிகோவில் இரண்டுமே இல்லை. எனவே மாப் குச்சியில் ஒரு முழம் வெட்டி, நுனியைச் சீவி, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். கிராங்க் ஷாஃப்டின் நடுத்துளையில் சொருகும் நுனியில் ஒரு பருமன், பிளேட்டின் துளைக்குள் நிற்கும் இடத்தில் இன்னொரு பருமன். அவ்வளவுதான். குச்சியைச் சொருகி, பிளேட்டை அதில் மாட்டி, போல்ட்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிவிட்டுக் குச்சியை உருவினேன். கியர் பாக்ஸ் ஒரே தள்ளில் உட்கார்ந்தது.

வீட்டில் கார் வேலை செய்கிறவர்களிடையே, சொந்தமாகச் செய்த கருவிகளைப் பற்றி இரண்டு நேரெதிரான பேச்சு நடக்கிறது. அதெல்லாம் ஆபத்து, கம்பெனிக் கருவி இல்லாமல் கை வைக்கவே கூடாது என்பது ஒன்று. வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் இருந்தால் எதையும் செய்துகொள்ளலாம் என்பது மற்றது. இரண்டும் தவறு என்பது என் கருத்து. ஒரு கருவியை வீட்டில் செய்யலாமா கூடாதா என்பதை அதன் விலையோ, செய்பவரின் கைத்திறனோ முடிவு செய்வதில்லை. வேலையின் நடுவில் அது உடைந்தால் எது கெடும் என்று கேட்க வேண்டும். என் மாப் குச்சி உடைந்திருந்தால் இன்னொரு குச்சி வெட்டியிருப்பேன். அது எடை எதையும் தாங்கவில்லை, விசை எதையும் அடக்கி வைத்திருக்கவில்லை, வழி மட்டும் காட்டியது.

வழிகாட்டும் கருவி, அளக்கும் கருவி, பிடித்துவைக்கும் கருவி ஆகியவற்றைத் தாராளமாக வீட்டில் செய்யலாம். பழைய போல்ட் இரண்டின் தலையை அறுத்து, நுனியில் திருப்புளி பிடிக்க ஒரு வெட்டு போட்டால் அருமையான வழிகாட்டி ஊசிகள் கிடைக்கும். சிலிண்டர் ஹெட்டை இறக்கும்போது கேஸ்கெட் நகராமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஐந்து லிட்டர் ஆயில் கேனின் ஒரு பக்கத்தை வெட்டினால் பழைய ஆயில் பிடிக்கும் தட்டு. 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் சேர்த்தால் டெஸ்ட் லாம்ப். ஆனால் அதை ஹெட்லைட், ஹாரன், ஃபியூஸ் பக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பல்பு இழுக்கும் மின்னோட்டத்தை காரின் கணினியான ஈ.சி.யு. தாங்காது. ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர்களை எந்த லாம்பாலும் தொடவே கூடாது.

அளக்கும் கருவிகளில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீல் நட்டை எவ்வளவு இறுக்குவது? பெரும்பாலோர் வீல் ஸ்பேனரில் ஏறி மிதிக்கிறார்கள். மரை இழுபட்டு, அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட் கையோடு வருவது அதனால்தான். சிறு கார்களுக்கு வீல் நட்டின் இறுக்கம் பெரும்பாலும் 80 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் சரியான எண் இருக்கிறது. இதை அளக்க டார்க் ரிஞ்ச் வேண்டும். இல்லாதவர்கள், பழைய பேப்பர்காரர் கையில் தொங்குகிறதே ஸ்பிரிங் தராசு, அதை நினைத்துப் பாருங்கள்.

திருகு விசை என்பது இழுக்கும் விசையை அதன் தூரத்தால் பெருக்கியது, வேறொன்றும் இல்லை. ஸ்பேனர் கைப்பிடியில் குழாய் ஒன்றை மாட்டி, நட்டின் நடுவிலிருந்து சரியாக 50 சென்டிமீட்டரில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் தராசின் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 17 கிலோ காட்டும்போது நட்டில் விழுவது 17 பெருக்கல் அரை மீட்டர், அதாவது 8.5 கிலோவிசை-மீட்டர். ஒரு கிலோவிசை-மீட்டர் திருகு விசை 9.8 நியூட்டன் மீட்டருக்குச் சமம் என்பதால், இது ஏறக்குறைய 83 நியூட்டன் மீட்டர். கோணம் சாய்ந்தால் கணக்கும் சாயும். அதனால் செங்குத்து என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தராசின் மேல் சந்தேகம் இருந்தால் பத்து லிட்டர் தண்ணீரை வாளியோடு தொங்கவிட்டுப் பாருங்கள். வாளியின் எடையைக் கழித்தால் பத்து கிலோ வர வேண்டும். இன்ஜினுக்குள் இருக்கும் போல்ட்களுக்கு நல்ல டார்க் ரிஞ்ச்தான் சரி. நான்கு வீல் நட்டுக்கு இந்தத் தராசு போதும்.

பிரேக் ஆயில் மாற்றும்போது காற்று வெளியேற்ற, ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூடுவது வழக்கம். தனியாகச் செய்கிறவருக்கு ஒரு பாட்டிலும், நிப்பிளில் இறுக்கமாக மாட்டும் ஒளி ஊடுருவும் டியூபும் போதும். பாட்டிலில் கொஞ்சம் பிரேக் ஆயிலை விட்டு, டியூபின் நுனி அதில் முங்கியிருக்கும்படி வைக்க வேண்டும். பெடல் திரும்பி எழும்போது உள்ளே இழுக்கப்படுவது காற்றாக இல்லாமல் ஆயிலாக இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. மேலே டேங்கில் ஆயில் மட்டம் இறங்காமல் நிரப்பிக்கொண்டே வாருங்கள். பிடித்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் பெடல் பஞ்சு போல அமுங்குவதற்கு இது ஒரு காரணம்.

இங்கே ஒரு வேண்டுகோள். பழைய பிரேக் ஆயிலையும் கூலன்ட்டையும் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ பிடித்து வைக்காதீர்கள். கூலன்ட்டில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட விஷம். குழந்தைகளும் நாயும் நடமாடும் வீட்டில் அதற்கென்று தனிக் கேன் வைத்து, பெரிதாக எழுதி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அடுத்து, இடைநிலையில் இருக்கும் கருவிகள். சஸ்பென்ஷன் ஆர்மில் ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டால் சுத்தியலால் அடித்து எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடி கோணலாக விழுந்தால் ஆர்ம் விரியும், புது புஷ் உள்ளே போகும்போதே நசுங்கும். இதற்கு ஹார்டுவேர் கடையில் திரெட் ராட் என்று விற்கும், முழு நீளத்துக்கும் மரை போட்ட கம்பி வேண்டும். புஷ்ஷைவிடச் சற்றுப் பெரிய குழாய்த் துண்டை ஒரு பக்கமும், சற்றுச் சிறிய பழைய பேரிங் வளையத்தை மறு பக்கமும் வைத்து, நடுவே கம்பியைச் செலுத்தி, இரண்டு முனையிலும் கனமான வாஷரும் நட்டும் போட்டு முறுக்கினால் புஷ் சத்தமில்லாமல் குழாய்க்குள் நகரும். புதியதை ஏற்றவும் இதே முறைதான். சென்னைவாசிகளுக்குப் புதுப்பேட்டையில் ஒரு சுற்று சுற்றினால் பேரிங் வளையமும் குழாய்த் துண்டும் எல்லா அளவிலும் கிடைத்துவிடும்.

இது சாதுவாகத் தோன்றும், ஆனால் இதற்குள் இருக்கும் விசை பெரியது. 12 மில்லிமீட்டர் கம்பியில், 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியைப் பத்து கிலோ விசையில் இழுத்தால், உராய்வு தின்றது போக அந்தக் கம்பியில் ஏறும் இழுவிசை ஏறக்குறைய 800 கிலோ. ஒரு மாருதி 800 காரின் எடையே 650 கிலோவை ஒட்டித்தான். ஆகவே கையில் கிடைத்த கம்பியைப் போடக் கூடாது. தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டைத் தேடி வாங்குங்கள். முதல் 8, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 80 கிலோ இழுவையில்தான் அது அறும் என்பதைச் சொல்கிறது. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 8, அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை ஏற்றினாலும் நிரந்தரமாக நீளாது என்பதைச் சொல்கிறது. மரையில் கிரீஸ் தடவுங்கள். கம்பி நீளும் திசைக்கு நேராக முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நின்று முறுக்குங்கள். பேரிங் வளையத்தைச் சுத்தியலால் அடிக்க நேர்ந்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அது மிகக் கடினமான இரும்பு, சில்லு தெறிக்கும்.

இரும்பின் குணம் தெரியாமல் கருவி செய்வதில் இன்னொரு தவறும் நடக்கிறது. லாரிப் பட்டாவில் அடித்த அரிவாள் ஏன் நன்றாக நிற்கிறது என்று கொல்லரைக் கேட்டால், பட்டாவும் ஒரு காரணம், தோய்ச்சல் இன்னொரு காரணம் என்பார். பழுக்கக் காய்ச்சி, அடித்து, அளவறிந்து நீரில் தோய்த்து எடுப்பதில்தான் அந்த உறுதி வருகிறது. அதே பட்டாத் துண்டில் நெம்புகோல் செய்கிறேன் என்று நடுவில் வெல்டிங் வைப்பவர் அந்தப் பதத்தைக் கெடுத்துவிடுகிறார். வெல்டிங்கை ஒட்டிய இடம் நொறுங்கும் தன்மைக்கு மாறி, ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் முறியும்.

இந்த முன்னறிவிப்பு என்பதை வைத்துத்தான் காரைத் தாங்கும் பொருள்களையும் எடைபோட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் கசிந்தால் அது கீழிறங்கும், கத்திரி ஜாக்கி பக்கவாட்டில் சாயும். இது தெரிந்தவர்கள்கூட அடுத்துச் செய்வது, வீடு கட்டி மிச்சமான ஹாலோ பிளாக்கை அடியில் வைப்பது. அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். காரை இறக்கிவிட்டு பிளாக்கை எடுத்தபோது, மேல்விளிம்பிலிருந்து பாதி உயரம் வரை முடி போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதற்குச் சில நிமிடம் முன்புவரை என் தலை அந்தக் காருக்கு அடியில்தான் இருந்தது. விரிந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

சுவரில் ஹாலோ பிளாக் நன்றாகத்தான் நிற்கிறது. அங்கே எடை அதன் முகம் முழுவதும் பரவி இறங்குகிறது. காரின் அடிவிளிம்போ விரலகல இடத்தில் அழுத்துகிறது. சிமென்ட் வளையாது, சட்டென்று உடையும். செங்கலும் அப்படித்தான். மரம் அப்படியல்ல, முனகும், நசுங்கும், நேரம் கொடுக்கும். எனவே வீட்டில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், கனமான மரச் சட்டங்களை ஒரு வரிசை நீளவாக்கிலும் அடுத்த வரிசை குறுக்கிலுமாக அடுக்குங்கள். அடுக்கின் உயரம் அதன் அகலத்தைத் தாண்டவே கூடாது என்பது நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு. தரை சமமாக இருக்க வேண்டும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு இருக்க வேண்டும்.

சொந்தமாக வெல்டிங் வைத்து ஸ்டாண்ட் செய்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன், செய்தவர் எவ்வளவு தேர்ந்த கைக்காரராக இருந்தாலும். வெல்டிங்கின் மேல்முகம் அழகாக இருப்பதால் உள்ளே உலோகம் உருகிக் கலந்திருக்கிறது என்று ஆகாது. அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. மூன்று டன் என்று எழுதிய ஸ்டாண்ட் ஒரு ஜோடி, காரின் ஒரு டயர் விலைக்குள் கிடைக்கிறது.

காயில் ஸ்பிரிங் விஷயத்திலும் என் முடிவு இதுதான். முன்சக்கர ஸ்ட்ரட்டில் ஷாக் அப்சார்பரை மாற்ற, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் மேல் நட்டைக் கழற்ற முடியும். திரெட் ராடும் கொக்கியும் வைத்து அழுத்தும் கருவியைத் தாங்களே செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பியால் கட்டிக் கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அழுத்த 20 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங்கை 15 சென்டிமீட்டர் அழுத்தியதாக வைத்துக்கொள்வோம். அது 300 கிலோ விசையோடு திமிறிக்கொண்டிருக்கும். அதில் அடங்கிய ஆற்றல் 225 ஜூல். பத்து கிலோ கல் ஒன்று இரண்டேகால் மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதும் இதுவும் ஒன்று. கொக்கி நழுவினால் விலகிக்கொள்ள நேரமே இருக்காது. ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போனால், சரியான அழுத்தி வைத்திருப்பவர் சில நிமிடத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நீங்களே மாட்டலாம். இதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. அம்பாசிடரும் அதே ஆண்டில் நின்றது. இந்தக் கார்களை இன்னமும் ஓட வைத்திருப்பவர்களில் கணிசமானோர், ஞாயிற்றுக்கிழமை தங்கள் போர்டிகோவில் கை கறுக்க வேலை பார்க்கிறவர்கள். அவர்கள் இன்னும் நிறையக் கருவிகளைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முன்னால் ஷெட்டில் இருக்கும் ஹாலோ பிளாக்கை எல்லாம் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, இந்த வாரமே இரண்டு ஸ்டாண்ட் வாங்கி வையுங்கள்.